நாகர்கோவில்ல இருந்து தார் பாலைவனம்: எப்ப போறது, எங்க தங்குறது, என்னத்தப் பாக்குறது

நம்ம மாவட்டத்துக்கு ரெண்டு மழையும் உண்டு. இடவப்பாதில (ஜூன் வாக்குல) ஒண்ணு, ஐப்பசி கார்த்திகைல இன்னொண்ணு, வருசத்துக்கு 1,400 மில்லிமீட்டர ஒட்டி பெய்யும், குளம் இல்லாத ஊரே கெடையாது. ராஜஸ்தான்ல தார் பாலைவனத்துக்குள்ள இருக்குற ஜெய்சல்மேர்ல வருச மழை 200 மில்லிமீட்டருக்கும் கீழ. ஆனா அங்கயும் ஊர் இருக்கு, ஆடு மாடு இருக்கு, கோதுமை விளையுது, உலகத்துலயே மக்கள் நெருக்கமா வாழுற பாலைவனங்கள்ல தாரும் ஒண்ணு. அதனால நான் சொல்றது ஒண்ணுதான், அங்க மணல மட்டும் பாக்கப் போகாதீங்க, தண்ணி இல்லாத எடத்துல உயிர் எப்படி நிக்குதுன்னு பாக்கப் போங்க. சாயங்காலம் நாலு மணிக்கு ஜீப்புல எறங்கி ஒட்டகத்துல ஒரு சுத்து சுத்திட்டு ராத்திரி டான்ஸ் பாத்துட்டு காலைல பஸ் ஏறி வந்தவங்க நெறய பேரு "அங்க ஒண்ணும் இல்ல"ன்னு சொல்றாங்க, அவங்க பாத்த எடத்துல நெசமாவே ஒண்ணும் இல்ல, கொஞ்சம் தள்ளி போயிருக்கணும், இன்னும் ஒரு ராத்திரி தங்கியிருக்கணும்.

முதல்ல மாசம். நவம்பர்ல இருந்து பிப்ரவரி வரைக்கும்தான் நமக்குத் தோது. ஏப்ரல் மே ஜூன் பக்கம் எட்டிக்கூடப் பாக்காதீங்க, 45 டிகிரி தாண்டும், 2016 மே மாசத்துல ஜெய்சல்மேர் போற வழில இருக்குற பலோடில 51 டிகிரி பதிவாச்சு. அனல் காத்தும் புழுதிப்புயலும் வேற. டிசம்பர் கடைசி வாரம் அரைப்பரீட்சை லீவுன்னு எல்லாரும் கெளம்புவோம், ஆனா இந்தியா முழுக்க அந்த வாரந்தான் அங்க வந்து குமியும், ரூம் வாடகையும் ஏறிக் கெடக்கும். பிள்ளைங்க படிப்பு தடை இல்லன்னா நவம்பர் கடைசியோ பிப்ரவரி முதல் பாதியோ பாருங்க. ஜனவரி பிப்ரவரில வடநாட்டு மாக மாசப் பௌர்ணமிய ஒட்டி ஜெய்சல்மேர்ல பாலைவனத் திருவிழா நடக்கும், ஒட்டகப் பந்தயம் தலைப்பாகை கட்டுற போட்டின்னு கலகலப்பா இருக்கும், கூட்டம் பிடிக்கும்னா அத வச்சு தேதி போடுங்க.

தேதி போடும்போது தினசரி காலண்டர ஒரு தடவ புரட்டிப் பாருங்க, அமாவாசையா பௌர்ணமியான்னு. இத யாரும் சொல்றதே இல்ல, ஆனா பாலைவனத்துல பாதி அழகு இதுலதான் இருக்கு. பௌர்ணமியில மணல் மேடு வெள்ளையா வெளிச்சமா கெடக்கும், டார்ச் இல்லாம நடக்கலாம். அமாவாசைய ஒட்டி போனா வானம் முழுக்க நட்சத்திரம். நான் அமாவாசை பக்கந்தான் சொல்லுவேன். டிசம்பர் ஜனவரி முன்னிரவுல கார்த்திகை கூட்டம், ரோகிணி, திருவாதிரை எல்லாம் உச்சிய ஒட்டி வந்து நிக்கும். இன்னொரு விசேஷம், நம்ம ஊர்ல துருவ நட்சத்திரம் 8 டிகிரி உயரத்துல தொடுவானத்தோட ஒட்டிக் கெடக்கும், தென்னையும் மலையும் மறைச்சுரும், பாத்தவங்க கொறவு. ஜெய்சல்மேர்ல அது 27 டிகிரி உயரத்துல தெளிவா நிக்கும். அதே நேரம் நம்ம ஊர்ல தெக்கே நல்லா மேல வர்ற அகத்திய நட்சத்திரம் அங்க 10 டிகிரிதான் ஏறும், ஜனவரி நடுவுல பதினோரு பதினொன்னர மணி வாக்குல தெக்கே கீழ தேடுங்க. பிள்ளைங்களுக்கு இத காட்டிக் குடுங்க, நாம பூமியில எவ்வளவு வடக்க வந்திருக்கோம்னு புஸ்தகம் இல்லாம புரிஞ்சுரும்.

போற வழி. நாகர்கோவில் சந்திப்புல இருந்து காந்திதாம் போற வாராந்திர எக்ஸ்பிரஸ் இருக்கு, கொங்கண் வழியா அகமதாபாத் போகும், அங்க எறங்கி ஜோத்பூருக்கு வேற வண்டி. இல்லன்னா திருவனந்தபுரம் நார்த்துல (பழைய கொச்சுவேலி) இருந்து ஸ்ரீகங்காநகர் போற வாராந்திர வண்டி ஜோத்பூர் வழியாவே போகுது, மாறி ஏற வேண்டியதில்ல, வயசானவங்க கூட வந்தா இதுதான் நல்லது. ரெண்டு நாளுக்கு மேல ஆகும், டைம்டேபிள் அப்பப்ப மாத்துறாங்க, டிக்கெட் போடும்போது பாத்துக்கிடுங்க. நேரம் கொறவா இருக்குறவங்க திருவனந்தபுரத்துல இருந்து டெல்லியோ மும்பையோ பறந்து அங்க இருந்து ஜோத்பூர் போங்க, ஜெய்சல்மேர்லயும் ஏர்போர்ட் இருக்கு, ஆனா எல்லா மாசமும் ஒரே மாதிரி ஃப்ளைட் இருக்காது. ஜோத்பூர்ல இருந்து ஜெய்சல்மேர் ரயில்ல அஞ்சாறு மணி நேரம். அத பகல்ல போங்க, ராத்திரி வண்டில தூங்கிட்டு போனா விட்டுருவீங்க. ஜோத்பூர் தாண்டி மரம் கொஞ்சம் கொஞ்சமா குட்டையாகி, வயல் போயி முள்ளுப்புதராகி, கடைசில புதரும் தள்ளித் தள்ளி நிக்க ஆரம்பிக்கும், பாலைவனம் எங்க தொடங்குதுன்னு கோடு கிழிச்சு சொல்ல முடியாது, அத கண்ணால பாத்து உணரணும்.

பைல என்ன வைக்கணும். நம்ம ஆளுங்க கிட்ட ஸ்வெட்டர் இருக்காது, இருந்தாலும் கொடைக்கானல் போக வாங்குனதா இருக்கும், அத எடுங்க. பகல்ல 25 டிகிரி, ராத்திரி அஞ்சாறு டிகிரி வரைக்கும் எறங்கும். காத்துல ஈரம் இல்ல, மேகமும் இல்ல, அதனால மணல் பகல்ல வாங்குன சூட்ட சாயங்காலமே வானத்துக்கு விட்டுரும். நம்ம கடற்கரை ஈரக்காத்து ராத்திரியும் சூட்ட பிடிச்சு வச்சுருக்கும், அதே பழக்கத்துல ஒரு சட்டையோட மணல்ல படுத்தீங்கன்னா நடுங்கிப் போவீங்க. குல்லா, சாக்ஸ், கம்பளி சால்வை கண்டிப்பா. உதடு வெடிக்கும், தேங்காய் எண்ணெய் கொண்டு போறீங்கன்னா வாய் அகலமான டப்பாவுல கொண்டு போங்க, அந்தக் குளிர்ல உறைஞ்சு பாட்டில்ல இருந்து வராது. கான்டாக்ட் லென்ஸ் போடுறவங்க கண்ணாடிக்கு மாறிக்கிடுங்க. இழுப்பு இருக்குறவங்க இன்ஹேலர் கைலயே வச்சுக்கிடுங்க, புழுதி உண்டு. மெல்லிசா பருத்தித் துணி ஒண்ணு, மூக்கையும் வாயையும் கட்ட, நம்ம தோர்த்து போதும்.

தண்ணி விசயத்துல ரொம்ப கவனம். நம்ம ஊர்ல வேர்வ ஒழுகி சட்டை நனைஞ்சாத்தான் தாகம்னு தெரியும். அங்க வேர்வ வந்தவுடனே காஞ்சிரும், ஒடம்பு வேர்க்கவே இல்லன்னு நெனச்சிட்டு இருப்போம், சாயங்காலம் தலைவலி வரும்போதுதான் தெரியும். தாகம் எடுக்குற வரைக்கும் காத்திருக்காம அப்பப்ப குடிங்க, ஆளுக்கு மூணு லிட்டர் கணக்கு வச்சுக்கிடுங்க. காலி பாட்டில மணல்ல போட்டுட்டு வராதீங்க, ஆடும் மாடும் ஒட்டகமும் அந்த பிளாஸ்டிக்க திங்குது, ப்ளீஸ் பைல போட்டு டவுனுக்கே கொண்டு வாங்க.

இனி எங்க தங்குறது. ஜெய்சல்மேர் கோட்டை 1156ல ராவல் ஜெய்சல் கட்டுனது, மஞ்சக் கல்லு, சாயங்கால வெயில்ல தங்கம் மாதிரி இருக்கும், 2013ல யுனெஸ்கோ பட்டியல்ல ராஜஸ்தான் மலைக்கோட்டைகளோட சேத்தாங்க. உள்ள இன்னும் ஆயிரக்கணக்குல ஜனங்க குடியிருக்காங்க, வீடு, கடை, சமணக் கோயில், எல்லாமே உள்ளதான். கோட்டைக்குள்ள ஓட்டலும் இருக்கு, ஜன்னல் வழியா ஊர் முழுக்க தெரியும், ஆச வரும். ஆனா தயவுசெஞ்சு வெளியதான் தங்குங்க. அந்தக் கோட்டை ஆளுக்கு ஒரு குடம் தண்ணி புழங்குன காலத்துல கட்டுனது. இப்ப குழாய்த்தண்ணியும் பாத்ரூமும் வந்து, கழிவுநீர் அடில எறங்கி, அடித்தளத்து மண்ண இளக்கிடுச்சு, கொத்தளங்கள் சரிஞ்சு விழுந்துருக்கு. தண்ணியே இல்லாத ஊர்ல தண்ணியால கெடுற கோட்டை அது, பாக்கும்போதே மனசுக்கு கஷ்டமா இருக்கும். உள்ள போங்க, நடங்க, சாப்பிடுங்க, அங்க கடை வச்சுருக்குறவங்க கிட்ட சாமான் வாங்குங்க, குளிக்குறத மட்டும் கீழ வந்து குளிங்க.

மணலுக்கு ரெண்டு எடம். சாம், டவுனுக்கு மேக்க 40 கிலோமீட்டர். குரி, தென்மேக்க 45, 50 கிலோமீட்டர். எல்லா டூரும் சாமுக்குத்தான் போகும், மேடு பெருசு, ரோட்டோரமாவே டென்ட் வரிசையா நிக்கும், ஒட்டகமும் ஜீப்பும் ஸ்பீக்கரும் ஒண்ணா இருக்கும். சின்னப் பிள்ளைங்களும் பாட்டியும் சேந்து போற குடும்பத்துக்கு சாம் வசதி, பாத்ரூம் கூட இருக்குற டென்ட் கெடைக்கும், அத நான் கொறயா சொல்ல மாட்டேன். ஆனா அமைதி வேணும்னா குரி. கிராமத்துல மண் சுவரு வீட்டுல தங்கலாம், சாணி மெழுகுன தரை, வெள்ளை சுண்ணாம்புக் கோலம், வீட்டுச் சாப்பாடு. புக் பண்ணும்போது என்னென்ன கேக்கணும்னா, டவுன்ல இருந்து கூட்டிட்டு போறது சேத்தியா, ஒட்டகம் எவ்வளவு நேரம், ராத்திரி சாப்பாடு சேத்தியா, மணல்லயே படுக்க மெத்தை, ரஜாய் (பஞ்சு வச்ச கனமான போர்வை) தருவாங்களா, டிஜே பாட்டு உண்டா, பக்கத்து டென்ட்ல உண்டா. மணல்ல வெட்டவெளில படுக்குறதுதான் உங்க பிளான்னா அங்க பாத்ரூம் கெடையாது, பொம்பளையாளுங்க கூட வந்தா இத முன்னாடியே பேசி வச்சுக்கிடுங்க. ஸ்டேஷன்ல எறங்குன உடனே நாலு பேரு சுத்தி நின்னு ரேட்டு சொல்லுவாங்க, அங்க வச்சு எதுக்கும் தல ஆட்டாதீங்க, ரூமுக்கு போயி பைய வச்சுட்டு ஒரு டீ குடிச்சிட்டு ரெண்டு எடத்துல விசாரிங்க.

மணல பாக்குற நேரம் எல்லாரும் சாயங்காலம்னு நெனைக்குறாங்க, எனக்கு காலைதான். அங்க குளிர்காலத்துல சூரியன் ஏழே கால், ஏழரைக்குத்தான் உதிக்கும், நம்ம ஊர விட ஒரு மணி நேரம் லேட்டு, அதனால ஆறு மணிக்கு எழும்பினாப் போதும். முந்துன நாள் மிதிச்ச கால்தடம் எல்லாத்தையும் காத்து அழிச்சிருந்தா மணல் மேல வரி வரியா அலை நிக்கும், வெளிச்சம் பக்கவாட்டுல விழுற அந்த ஒரு மணி நேரந்தான் அந்த வரி எல்லாம் நெழல் கட்டித் தெரியும், ஒன்பது மணிக்கு மேல அதே மணல் தட்டையா ஆயிரும். கீழ குனிஞ்சு பாத்தா ராத்திரி நடந்த கணக்கு முழுக்க எழுதியிருக்கும், கருவண்டு போன கோடு, பல்லி வால் இழுத்த தடம், நரியோட காலடி. மேட்டுல ஏறும்போது காத்து வர்ற பக்கமா ஏறுங்க, அந்தச் சரிவு மெதுவா இருக்கும், மணலும் இறுக்கமா இருக்கும். மறு பக்கம் 33, 34 டிகிரிக்கு செங்குத்தா சரியும், மணல் அதுக்கு மேல நிக்காது, கால் வச்சா முட்டு வரைக்கும் போகும். பிள்ளைங்க உருண்டு விளையாட அந்தப் பக்கம். இந்த மேட்ட குவிச்சது தென்மேற்குக் காத்து, நம்ம ஆரல்வாய்மொழி முப்பந்தல்ல காத்தாடிய சுத்துதுல்லா, அதே பருவக்காத்துதான் கோடைல அங்க போயி மணல தள்ளுது. ஜெய்சல்மேர சுத்தியும் அதே மாதிரி காத்தாடி கூட்டமா நிக்கும், முப்பந்தல பாத்து வளந்த நமக்கு அந்த இடம் சட்டுனு பழகுன மாதிரி ஆயிரும்.

அந்தக் காத்தாடிகளோட கரண்டு கம்பில அடிபட்டு சாகுற பறவை ஒண்ணு இருக்கு, கானமயில். ராஜஸ்தானோட மாநிலப் பறவை, ஒரு மீட்டர் உயரம் நிக்கும், கனமான உடம்பு, நேரா முன்னால பாக்குற பார்வை கொறவு, கம்பி தெரியுறதுக்குள்ள மோதிரும். மொத்தமே ஏறக்குறைய 150 தான் மிச்சம்னு கணக்கு, அதுல பெரும்பாலும் இந்த ஜெய்சல்மேர் பக்கந்தான். ஒரு காலத்துல தமிழ்நாட்டுப் புல்வெளிகள்லயும் இருந்துச்சு, இப்ப இல்ல. அத பாக்க பாலைவன தேசியப் பூங்கா போங்க, 3,162 சதுர கிலோமீட்டர், வனத்துறை அனுமதி வாங்கி சாம் பக்கத்துல சுதாசரில போறது வழக்கம். விடிகாலை போங்க, வண்டிய விட்டு எறங்காதீங்க, பறவைய வெரட்டி போட்டோ எடுக்க ஆச காட்டுற டிரைவர் வேண்டாம். கானமயில் கண்ணுல படலன்னாலும் சிங்காரா மான், பாலைவன நரி, முள்வால் பல்லி, கழுகு இதெல்லாம் பாக்கலாம். பைனாகுலர் இருந்தா கட்டாயம் எடுங்க.

ஜோத்பூர் ஜெய்சல்மேர் வழில பலோடிக்கு பக்கத்துல கீச்சன்னு ஒரு கிராமம். செப்டம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும் அங்க குர்ஜான்னு சொல்ற கொக்கு இனம் மங்கோலியா பக்கமிருந்து ஆயிரமாயிரமா வந்து எறங்கும். ஊர்க்காரங்க தலைமுறையா தானியம் போட்டு வளக்குறாங்க. சுசீந்திரம் குளத்துலயும் மணக்குடிலயும் பறவை பாக்க நிக்குறவங்க யாரா இருந்தாலும் இதுக்குன்னு ஒரு காலை ஒதுக்குங்க, அந்தச் சத்தத்த போன்ல ரெக்கார்ட் பண்ணி கேட்டா கூட வராது, நேர்ல நிக்கணும்.

ஒட்டகம். அது எழும்பும்போது பின்னங்கால முதல்ல தூக்கும், நீங்க முன்னால சரிவீங்க, அதனால ஏறுன உடனே பின்னால சாஞ்சு இறுக்கிப் பிடிங்க, உக்காரும்போதும் அதே. தொடை உரசும், முழு பேன்ட் போடுங்க. இடுப்பு வலி, கழுத்து வலி, மாசமா இருக்குறவங்க ஏற வேண்டாம். மூக்குல புண்ணு, முதுகுல காயம் இருக்குற ஒட்டகத்த குடுத்தா வேற கேளுங்க. ஜீப்புல மணல் மேட்டுல துள்ள விடுறது எனக்கு பிடிக்காது, முதுகெலும்புக்கும் நல்லதில்ல, மேட்டு மேல நிக்குற புல்லும் புதரும் நசுங்கிப் போகும், அந்த வேருதான் மணல பிடிச்சு வச்சிருக்கு.

இப்ப நான் ஆரம்பத்துல சொன்ன தண்ணி. ஒரு முழு நாள் இதுக்கு குடுங்க, ஆட்டோவோ காரோ பிடிச்சு. காலைல கடிசர் ஏரி, 14ஆம் நூற்றாண்டுல மகாராவல் கட்ஸி சிங்னு அந்த ஊர் ராஜா காலத்துல வெட்டுனது, கால்வாய் வர்றதுக்கு முன்னாடி ஊருக்கே அதுதான் குடிதண்ணி. அப்புறம் குல்தாரா, 18 கிலோமீட்டர். பாலிவால் பிராமணர்கள் விட்டுட்டு போன ஊரு. கைடு எல்லாம் பேய்க்கதை சொல்லுவாங்க, அத கேட்டுக்கிட்டே தெருவோட நேர்த்தியப் பாருங்க, கிணத்தப் பாருங்க, ஊருக்கு வெளிய வயலப் பாருங்க. அந்த ஜனங்க காடீன்னு ஒரு முறைல விவசாயம் பண்ணுனாங்க. கல்லுத் தரைல விழுற மழைய சரிவுக்கு கீழ நீளமா கரை போட்டு நிறுத்துறது, தண்ணி நின்னு மண்ணுக்குள்ள எறங்கினதும் குளிர்காலத்துல அந்த ஈரத்துலயே கோதுமையும் கொண்டைக்கடலையும் விதைக்குறது, வேற பாசனமே கெடையாது. இன்னைக்கும் நடக்குது. நாஞ்சில் நாட்டுல பேச்சிப்பாறை தண்ணி வந்து, குளம் நெறஞ்சு, மடை திறந்து வயலுக்கு போறத பாத்தவங்களுக்கு இந்தக் கரையப் பாத்தா சும்மா நவர முடியாது, ஒரு மழைக்கு இவ்வளவு மரியாதையான்னு தோணும். பஞ்சாப்ல சட்லஜ் பியாஸ் தண்ணிய எடுத்து வர்ற இந்திரா காந்தி கால்வாய் இப்ப ஜெய்சல்மேர் மாவட்டத்துக்கும் வந்தாச்சு, மோகன்கட் பக்கம் போனா பாலைவனத்துக்கு நடுவுல பச்ச வயல் தெரியும்.

பார்மேர் ரோட்டுல 17 கிலோமீட்டர்ல ஆகல்னு ஒரு இடம், கல்லாயிப் போன மரங்கள் கெடக்கு, சுமார் 18 கோடி வருசம் பழசு. இந்த வறண்ட பூமி அப்ப காடா இருந்துச்சு. கூட்டமே இருக்காது, ஆனா வெயிலுக்கு முன்னாடி போயிருங்க. வடக்க தனோட் மாதா கோயில் 120 கிலோமீட்டர், எல்லைப் பாதுகாப்புப் படை பாத்துக்குற கோயில், 1965 போர்ல வெடிக்காம விழுந்த குண்டுகள உள்ளயே வச்சிருக்காங்க. வழில லோங்கேவாலா, 1971 டிசம்பர் சண்டை நடந்த இடம், மியூசியம் இருக்கு. பட்டாளத்துல இருந்து ரிட்டயர் ஆனவங்க வீட்ல இருந்தா அவங்கள கூட்டிட்டு போங்க. ஆதார் கார்டு கைல வேணும், எல்லை மாவட்டம், ட்ரோன் கொண்டு போகவே வேண்டாம்.

சாப்பாடு. மீன் இல்லாம சோறு எறங்காதவங்களுக்கு கொஞ்சம் கஷ்டந்தான், பாதி ஓட்டல் சைவம், அசைவம்னா ஆட்டுக்கறி லால் மாஸ், நல்ல காரம், நமக்கு பிடிக்கும். ஆனா கேர் சாங்ரி கட்டாயம் சாப்பிடுங்க. கேர்ங்கறது ஒரு முள்ளுப்புதர்க் காய், சாங்ரிங்கறது கேஜ்ரி மரத்துக் காய், அந்த மரம் நம்ம சிவன் கோயில்கள்ல தலவிருட்சமா நிக்குற வன்னி மரமேதான். மழை இல்லாத வருசத்துலயும் இலையும் காயும் குடுக்கும், இலை ஆட்டுக்கு, காய் மனுசனுக்கு. 1730ல ஜோத்பூர் பக்கம் கேஜர்லில ராஜாவோட ஆளுங்க இந்த மரத்த வெட்ட வந்தப்ப அம்ரிதா தேவியும் அவங்க பிஷ்னோய் சமூகத்து ஜனங்களும் மரத்த கட்டிப் பிடிச்சு நின்னு 363 பேர் உயிர விட்டாங்க. அந்தக் காய வத்தலாக்கி, தண்ணி கொறச்சலா, எண்ணெயும் மோரும் சேத்து சமைக்குறாங்க. கூட கம்பு ரொட்டி, நெய். இனிப்புக்கு ஜெய்சல்மேர் கோட்டுவா லட்டு. ரயில்ல ரெண்டு நாள் தாங்க நேந்திரங்கா சிப்ஸும் முந்திரிக்கொத்தும் எடுத்துட்டு போங்க, குரில தங்குற வீட்டுப் பிள்ளைங்களுக்கும் ஒரு பொட்டலம் தனியா வைங்க.

ராத்திரி பாட்டுன்னு வந்தா டிஜே வேண்டாம்னு சொல்லிட்டு மாங்கணியார் பாட்டு கேளுங்க, பரம்பரையா பாடுற முஸ்லிம் குடும்பங்கள், கமாய்ச்சான்னு வில்லு வச்சு வாசிக்குற கருவி, கைல கட்டை தாளம், நம்ம கச்சேரி மோர்சிங் மாதிரியே ஒண்ணும் வாசிப்பாங்க. பாட்டு முடிஞ்சதும் அவங்க கைலயே நேரா பணம் குடுங்க.

அவ்வளவு தூரம் போக இப்ப வழி இல்லன்னா, இல்ல பிள்ளைங்கள மணல்ல நடக்க பழக்கணும்னா, முதல்ல திருச்செந்தூர் பக்கம் குதிரைமொழி தேரிக்கு ஒரு நாள் போயிட்டு வாங்க. அது பாலைவனம் இல்ல, மழை உண்டு, பனை உண்டு, ஆனா செக்கச்செவேல்னு மணல் மேடு, இரும்புச் சத்து ஏறுன மணல். காயாமொழி பக்கம் கற்குவேல் அய்யனார் கோயிலும் அங்கதான். அங்க ரெண்டு மணி நேரம் நடந்து பாத்தா யாருக்கு முட்டு வலிக்குது, யாருக்கு செருப்பு சரியில்ல, யாரு எவ்வளவு தண்ணி குடிக்குறாங்கன்னு எல்லாம் தெரிஞ்சுரும், அத வச்சு ஜெய்சல்மேர்ல யாரு நடக்கணும் யாரு ஒட்டகத்துல வரணும்னு முடிவு பண்ணிக்கிடலாம்.